எத்திராஜின் இன்ஜினும் சொறா எண்ணெயும்

எங்க வூட்டுக்காரரு பேரு எத்திராஜ். முகத்துவாரக்குப்பத்துல பொறந்து, கடலுக்குப் போனா வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பள இவருதான். சிரிக்காதீங்க, குப்பமே சிரிச்சி முடிச்சிடுச்சி. பத்து வயசுல அவுங்க நைனா கட்டுமரத்துல குந்த வெச்சி இட்டுகினு போனாராம். மொத அலை தாண்டறதுக்குள்ள கொடல் வெளிய வந்துடுச்சாம். ரெண்டு வருசம் பாத்தாரு. இது மீனுக்கு ஆவாது, இரும்புக்காவது போவட்டும்னு ராயபுரத்துல ஒரு பட்டறையில கொண்டாந்து வுட்டுட்டாரு.

அப்பால ஹார்பர் ஒர்க்ஷாப்புல ஃபிட்டர் வேல. தெனம் காலைல எண்ணூர் டேசன்ல ரயிலேறுவாரு, ராயபுரத்துல எறங்குவாரு, சாயங்காலம் கிரீசும் இரும்புத்தூளுமா திரும்பி வருவாரு. நான் பவுனம்மா, மீன்கூடை தூக்கி விக்கிறவ. எங்க ரெண்டு பேரு வாசனையும் சேந்தா அந்த வூட்டுக்குள்ள ஈ கூட யோசிச்சிதான் வரும். ஆனா மனுசன் தங்கம். குடி கெடையாது, சீட்டு கெடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான் இருந்துச்சி, அத்தான் இப்ப சொல்லப்போறேன்.

சண்ட காலத்துல இவரு ஏர்ஃபோர்ஸ்ல ஃபிட்டரா சேந்து அஸ்ஸாம் பக்கம் போனாரு. நாப்பத்தாறுல எல்லாரும் திரும்பி வந்தப்ப ஒருத்தன் கம்பளி கொண்டாந்தான், ஒருத்தன் பூட்ஸு கொண்டாந்தான். எங்காளு இங்கிலீஷ் புஸ்தகத்துலேர்ந்து கிழிச்ச ஒரு பக்கத்த மடிச்சி எடுத்தாந்தாரு. ஜெர்மன்காரன் லண்டன் மேல வுட்டானே பறக்கிற குண்டு, அதுல மாட்டியிருந்த இன்ஜினோட படம். கல்யாணமாகி மூணாம் நாளு எங்கிட்ட அத்தக் காட்றாரு. எவனாச்சும் பொண்டாட்டிக்குக் காட்ற படமா அது?

"யோவ், குண்டு செய்யப் போறியா நீ?"ன்னு கேட்டேன். பயந்துட்டேன் மெய்யாலுமே.

"குண்டு ஆருக்கு வேணும்? அந்தக் குழாய் போதும். தோ பாரு பவுனு, ராக்கெட்டுன்னு ஒண்ணு கீது. வானத்துக்கே போவும். ஆனா எரியறதுக்கு வேண்டிய காத்தயும் அதுவே மூட்ட கட்டி சொமந்துகினு போவுது. உங்க அண்ணன் கடலுக்குப் போறப்ப குடிக்கத் தண்ணி எடுத்துகினு போறாரு, சரி. மூச்சு வுடக் காத்து எடுத்துகினு போறாரா?"

"அத எதுக்கு எடுத்துகினு போவணும்? அதான் வழியெல்லாம் கீதே."

"அதான் நானும் சொல்றேன்! இந்தக் குழாய் வழியில கீற காத்தையே குடிச்சிகினு எரியும். காத்து கீற ஒயரம் வரைக்கும் இதுல போயிட்டா, சொம பாதி கொறையும். போனது திரும்பியும் வரலாம். ராக்கெட்டு இப்ப ஒரு தபா போனா தீந்துது. உங்க அண்ணன் கட்டுமரம் அப்டியா? இன்னிக்குப் போவுது, வருது, நாளைக்கும் போவுது. வானத்துக்குப் போற வண்டியும் அப்டி இருக்கணும்."

கடல்ல வாந்தி எடுக்கிற மனுசன் வானத்துக்கு வண்டி வுடணும்ன்றாரு. எனக்கு சிரிப்பு அடக்க முடில. ஆனா சொன்னப்ப அந்த மொகம் இருந்துச்சே, அத்தப் பாத்துட்டு வாய மூடிகினேன்.

அஞ்சாறு வருசம் செஞ்சாரு. அவரு தோஸ்து ராயபுரம் ஜேக்கப், கேஸ் வெல்டரு, ஞாயித்துக்கெழம மாதாகோயில் பூச முடிஞ்ச கையோட நேரா எங்க வூட்டுக்கு வந்துடுவாரு. ரெண்டு பேரும் என் ஒயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் செஞ்சாங்க. முன்பக்கம் ஒரு வட்டத் தட்டு. தட்டு பூரா ஓட்ட, ஒவ்வொரு ஓட்டைக்கும் பழைய கிராமபோன் ஸ்ப்ரிங்குல வெட்டின மெல்லிசான ஒரு எலை. காத்து உள்ள வர்றப்ப எலை தொறக்கும். உள்ளார பெட்ரோல் வெடிக்கிறப்ப மூடிக்கும். வெடிச்சது பின்பக்கமா பாயும். மறுபடி தொறக்கும். ஒரு நொடிக்குள்ள எத்தினியோ தபா.

"அட, இது மீனு செவுளுய்யா!"ன்னேன். இங்கிலீஷ்ல அவரு இன்னாவோ பேரு வெச்சிருந்தாரு. அன்னிலேர்ந்து ஜேக்கப்பு கூட செவுளுன்னுதான் சொன்னாரு.

அது மொத தபா எரிஞ்சப்ப போட்ட சத்தம் இருக்கே, அய்யோ சாமி! குப்பமே வெளிய ஓடியாந்துச்சி. எங்க அண்ணன், மண்ணாங்கட்டின்னு பேரு, துடுப்போட வந்துட்டாரு, ஆரையோ அடிக்கிறாங்கன்னு. இருவது எண்ணறதுக்குள்ள அணைஞ்சிடுச்சி, இவரு புருவத்துல பாதி காணோம். அதுலேர்ந்து குப்பத்துல இவருக்கு வாணக்காரன்னு பேரு. சத்தத்துல முகத்துவாரத்து மடவ மீனெல்லாம் ஓடிப்போவுதுன்னு பஞ்சாயத்து கூடிச்சி. அமாவாச அன்னிக்கு எங்க குப்பத்துல ஆரும் வல போடமாட்டாங்க. அன்னிக்கு மட்டும் உன் பேஜாரெல்லாம் வெச்சிக்கன்னு சொல்லிட்டாங்க. மாசத்துக்கு ஒரே ஒரு நாளு.

பெங்களூர்ல சர்க்காரு விமான இன்ஜினு ஆராய்ச்சி பண்ற எடம் ஒண்ணு கீதுன்னு கேள்விப்பட்டு, தனக்குத் தெரிஞ்ச பட்டாள இங்கிலீஷ்ல கடுதாசி போட்டுகினே இருந்தாரு. பதில் வரல, போட்டாரு. வரல, போட்டாரு. நானா இருந்தா மூணாவதுலேயே அவங்கள நல்லா நாலு வார்த்த கேட்டு எழுதியிருப்பேன். அம்பத்துநாலுல ஆடி மாசம் ரகுபதின்னு ஒரு ஆபீசரு பதில் போட்டாரு. இவரு வெரல வெச்சிகினு எனக்குப் படிச்சி சொன்னாரு.

"ஒரு தடவை எரிந்து அணைவதற்குப் பெயர் வாணம். உங்களுடையது ஐந்து நிமிடம் ஓட வேண்டும். நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து, அதே சாமான் மறுபடி ஐந்து நிமிடம் ஓட வேண்டும். ஓடினால், காற்றை இழுத்து எரியும் இன்ஜின்களுக்காக நாங்கள் தொடங்கும் பிரிவில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு."

அம்புட்டுதான் கடுதாசி. ஆவணி அமாவாசைக்கு வரேன்னு கீழ எழுதியிருந்தாரு. இவரு அன்னிக்கு சோறு தின்னல. அந்தக் குழாயத் தவற வேற எதுக்கும் ஆசப்படாத மனுசன், அந்த எடம் கெடைச்சா காலம்பூரா அதே வேல. கெடைக்கலன்னா ஹார்பர்ல போல்ட்டு முடுக்கிகினே வாணக்காரனா சாவணும்.

இப்ப நான் பண்ண கூத்தக் கேளுங்க.

எங்க குப்பத்துல ஒரு பழக்கம் கீது. புதுசா எது தண்ணிக்கு எறங்கினாலும், மரமோ துடுப்போ, மொத நாளு அந்த வூட்டுப் பொம்பள கையால சொறா எண்ணெ தடவணும். உப்புக்காத்து அரிக்காது. தடவினா போனது திரும்பி வரும்னு நம்பிக்க. எங்கம்மா தடவினாங்க, அண்ணி தடவுறாங்க. எம்புருசன் கடலுக்குப் போவாததால எனக்கு அந்த பாக்கியமே கெடைக்கல. அமாவாசைக்கு மொத நாளு மத்தியானம், இவரு வேலைக்குப் போயிருந்தப்ப, நல்ல சொறா எண்ணெயா வாங்கியாந்து குழாய் பூரா தடவினேன். செவுளுக்கு ஒவ்வொரு எலையா வெரல வுட்டு தடவினேன். திரும்பி எரியணுமே சாமி, திரும்பி எரியணுமேன்னு சொல்லிகினே தடவினேன்.

மறுநாளு ரகுபதி சாரு எண்ணூர்ல ரயிலெறங்கி மண்ல நடந்து வந்தாரு. ஒல்லி ஆளு, வெள்ளச் சட்ட, சிரிப்புன்றதே கெடையாது. ஆறு கடல்ல சேர்ற பொழியோரம் மண்ல மரச்சட்டம் நட்டு அதுமேல குழாய கட்டியிருந்தாரு இவரு. சைக்கிள் பம்புல காத்தடிச்சி, லாரி பிளக்குல பொறி குடுத்தா, பிடிச்சிகினுச்சி! டர்ர்ர்னு மண்ணு அதிருது. ஒரே சொறா வறுத்த நாத்தம். நானும் குப்பத்துல எவளோ கொழம்பு வெக்கிறான்னுதான் நெனைச்சேன். அஞ்சு நிமிஷம், ஒரு நொடி கொறையாம ஓடிச்சி. எங்க அண்ணனே வாயத் தொறந்துகினு நின்னாரு.

ஒரு மணி நேரம் கழிச்சி மறுபடி பம்பு அடிச்சாரு. ஒண்ணும் வரல. அடிச்சாரு, அடிச்சாரு, கையில கொப்புளம் வர்ற வரைக்கும் அடிச்சாரு. தும்மக் கூட இல்ல. தட்ட குழாயோட சேத்து ஆணி அறைஞ்சி வெல்டிங் வெச்சிருந்தாங்க, தொறந்து பாக்கவும் வழியில்ல.

ரகுபதி சாரு கடிகாரத்த மூடினாரு. "நல்ல வாணம், எத்திராஜ். வருத்தப்பட்டுத்தான் சொல்றேன்"னாரு. ரெண்டடி நடந்துட்டு திரும்பிப் பாத்தாரு. "அடுத்த அமாவாசைக்கு எனக்கு மெட்ராஸ்ல வேலை இருக்கு. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு ஆள் எடுத்துடுவாங்க. முடிஞ்சா பாருங்க."

வூட்டாண்ட குழாய இஸ்துகினு வந்து ரம்பத்தால தலைய அறுத்தாரு. செவுளு எலையெல்லாம் தார் ஊத்தின மாரி தட்டோட ஒட்டிகினு கீது. வெரல்ல தொட்டு மோந்து பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"நான்தான்யா தடவினேன்"னேன். "திரும்பி வரணும்னு தடவினேன்."

கத்தியிருந்தா கூட தாங்கியிருப்பேன். அந்த மனுசன் பக்கத்துல வந்து குந்தினாரு. "உன் எண்ணெ மட்டும் இல்ல பவுனு. ஓடறப்ப பச்சக்காத்து உள்ள பாயறதால எலை சூடாவாம கீது. நிறுத்தின ஒடனே காத்து நின்னுபோவுது. பின்னால பழுத்துகினு கீற குழாயோட சூடு மெதுவா முன்னால வந்து எலைய வேவிச்சிடுது. எண்ணெ இல்லன்னா இன்னும் ரெண்டு மூணு தபா தாங்கியிருக்கும், அப்பால எலை நீலம் பாஞ்சி செத்துடும். எப்டியும் சாவப்போறதுதான். ஓட்றதுக்கு வழி தெரியுது, நிறுத்தறதுக்கு வழி தெர்ல"ன்னாரு. சொல்லிட்டு அந்தத் தலைய மூலையில போட்டுட்டுப் போய் படுத்துட்டாரு. நாலு நாளு அந்தப் பக்கமே போவல. நான் அழுத அழுக கடலுக்குத்தான் தெரியும்.

அஞ்சாம் நாளு மீனு எடுக்க கரைக்குப் போனேன். அண்ணன் மரம் வந்து சேந்துது. மீனு எறக்கின கையோட மண்ணாங்கட்டி கயிறு அவுக்க ஆரமிச்சாரு. கட்டுமரத்த எவனும் கட்டினபடியே வுடமாட்டான். வுட்டா நடுவுல தண்ணி நின்னு, மரம் ஊறிப்போய் கல்லு மாரி கனக்கும். கரைக்கு வந்தா அவுக்கணும், தனித்தனியா காய வெக்கணும், காலைல மறுபடி கட்டணும். நான் பொறந்ததுலேர்ந்து பாக்கிற வேல. நானும் ஒரு மொனைய புடிச்சி தூக்கினேன். தூக்கினவ அப்டியே மரத்த கீழ போட்டுட்டேன், அண்ணன் கால் மேல.

"ஏய்! கண்ணு கீதா இல்லியாமே?"

"ணா, தண்ணி உள்ளாரயே நிக்கக்கூடாதுன்னுதானே அவுக்கற?"

"பின்ன, அழகுக்கா அவுக்கறேன்?"

மீனுமில்ல கூடையுமில்ல, வூட்டுக்கு ஓடினேன். இவரு வேலைக்குப் போவாம மோட்டுவளையப் பாத்துகினு படுத்திருந்தாரு. "யோவ், எழுந்திரு! நீ குப்பத்துல பொறந்து வளந்ததெல்லாம் தண்டமா? நீதானே சொன்ன, அண்ணன் மரம் மாரி போவணும் வரணும்னு? அந்த மரத்த ஆணி அட்ச்சா வெச்சிக்கீறாங்க? கரைக்கு வந்தா அவுக்கறாங்கய்யா! நிறுத்தின ஒடனே செவுள கழட்டி வெளிய எடுத்துடேன். சூடு குழாய்லயே கெடக்கட்டும்!"

எழுந்து குந்தினாரு. "அடிப்பாவி"ன்னாரு. அப்பால சட்டகூட போடாம ஜேக்கப்ப தேடி டேசனுக்கு ஓடினாரு.

தட்ட தனியா செஞ்சாங்க. திருகு வெச்சா சூட்டுல இறுகிப்போவுது, கழட்ட நேரம் ஆவுது. ரெண்டு பேரும் தலைய பிச்சிகினு கீறப்ப எங்க அண்ணன் வந்து எட்டிப் பாத்தாரு. கேலி பண்ணத்தான் வந்தாரு. "இன்னா மச்சான், இதுக்குப் போயா? ஆப்பு வெய்யி. ஒரு பக்கம் தட்டினா இறுகும், மறுபக்கம் தட்டினா கழலும்"னாரு. சொல்லிட்டுப் போவல, அங்கயே குந்திகினாரு. நாலு இரும்பு ஆப்பு. அவரு தட்டினா நாலும் கழல, மூணு எண்ணக்கூட நேரம் புடிக்காது. அப்டி பழகிகினாரு. சோறு வெக்கிற பாத்திரத்துல கூட தட்டி தட்டிப் பாத்து அண்ணிகிட்ட திட்டு வாங்கினாரு.

புரட்டாசி அமாவாச. ரகுபதி சாரு வந்தாரு. குப்பத்துல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் பொழியோரம்தான். நான் ஒரு துளி எண்ணெயும் தொடல, கையக் கூட சீக்கா போட்டு கழுவினேன்.

மொத தபா அஞ்சு நிமிஷம் ஓடிச்சி. இவரு பெட்ரோல மூடின நொடி, அண்ணன் டக் டக்னு நாலு ஆப்பையும் தட்டினாரு. நான் கோணித்துணிய கையில சுத்திகினு செவுளுத் தட்ட உருவி எடுத்தேன். கடக்காத்துல ஏந்தி நின்னேன், கொழந்தைய ஏந்தறாப்ல. செவுள தூக்கிப் பாத்தே மீனு எப்ப செத்துச்சின்னு சொல்றவ நான். ஒவ்வொரு எலையா தூக்கிப் பாத்தேன். நீலம் இல்ல. ஒரு எலையில கூட நீலம் இல்ல!

"இதை யார் யோசிச்சது?"ன்னு ரகுபதி சாரு கேட்டாரு.

"வூட்லங்க"ன்னாரு இவரு. எனக்கு வெக்கமா போச்சி.

ஒரு மணி நேரம் ஆச்சி. தட்ட மாட்டி, ஆப்பு இறுக்கி, பம்பு அடிச்சாரு. தும்மிச்சி, நின்னுச்சி. மறுபடி அடிச்சாரு. தும்மிச்சி, நின்னுச்சி. போன மாசம் மாரியே இவரு மொகம் வெளுத்துப் போச்சி. ரகுபதி சாரு கடிகாரத்தப் பாத்தாரு. அப்ப என் கண்ணுல மண்ணு வுழுந்துது. மத்தியானக் கடக்காத்து, மண்ண வாரி அடிக்குது. இந்தக் காத்துலதான ஒரு மணி நேரம் அத்த ஏந்திகினு நின்னேன்!

"ணா, தட்டு!"ன்னு கத்தினேன்.

அண்ணன் ஏன்னு கேக்கல, தட்டினாரு. உருவி எடுத்து எலை எலையா தூக்கினேன். மூணாவது எலைக்கு அடியில ரெண்டு மணல். அவ்ளோதான், ரெண்டே மணல், செவுளு மூடாம தடுத்துகினு இருந்துச்சி. முந்தானையால தொடச்சி, வாயால ஊதி, எல்லாத்தையும் பாத்து மாட்டினேன். ஆணி அட்ச்சிருந்தா அன்னிக்கோட கத முடிஞ்சிருக்கும். அண்ணன் இறுக்கினாரு. இவரு பம்பு அடிச்சாரு.

டர்ர்ர்ர்! பொழிக்கு அந்தாண்ட கொக்கெல்லாம் எழும்பிப் பறந்துச்சி. ஜேக்கப்பு சிலுவ போட்டுகினாரு. நான் அழுதேன், மறைக்கல. ஒரு நிமிஷம், ரெண்டு, மூணு. அஞ்சு ஆச்சி, ஆறு ஆச்சி. ரகுபதி சாரு கடிகாரத்தப் பாக்கவே மறந்துட்டாரு. காலைலேர்ந்து அந்த சாமான், இந்த சாமான்னு சொல்லிகினு இருந்தவரு, கைய ஆட்டிகினு கத்தினாரு.

"போதும் எத்திராஜ், போதும்! இன்ஜினை நிறுத்துங்க! அடுத்த மாசம் பெங்களூர்ல வந்து ஓட்டுங்க!"

அவரு பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுச்சி. இவருகிட்ட ஓடிப்போய் காதுல கத்தினேன். "யோவ், இன்ஜின நிறுத்த சொல்றாருய்யா! பெங்களூருக்கு வர சொல்றாரு!"

"இன்னாத்த நிறுத்த சொன்னாரு?"

"இன்ஜின! வாணம்னு சொல்லலய்யா!"

"கேக்கல பவுனு, இன்னொரு தபா சொல்லு"ன்னாரு. கண்ணுலேர்ந்து தாரதாரையா தண்ணி வழியுது, பொய் சொல்றாரு, நல்லாத்தான் கேட்டுச்சி. நானும் இன்னொரு தபா சொன்னேன்.

அப்பாலதான் பெட்ரோல மூடினாரு. சத்தம் அடங்கறதுக்குள்ள அண்ணன் நாலு ஆப்பையும் தட்டிட்டாரு. மூணாவது தபா ஓட்டணும்னு ஆரும் சொல்லல. நான் செவுளுத் தட்ட உருவி எடுத்து, இந்த தபா பறந்து வர்ற மண்ணுக்கு முதுகக் காட்டிகினு, முந்தானைக்குள்ள வெச்சி ஆற வெச்சேன்.